மேற்கோள் சிங்காரம்

நம் நண்பர் புத்தகமே படிப்பதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். எடுத்தாளத்தக்க முதல் வாக்கியம் கண்ணில் படும் வரையில் அவர் வெகு சிரத்தையாகப் படிக்கத்தான் செய்கிறார், அதற்குப் பிறகுதான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து, அந்த வாக்கியத்தைத் தம் குறிப்புச் செயலியில் சிங்காரிக்க உட்காருகிறார். முகூர்த்தம் தப்பிய பிறகும் மணப்பெண்ணின் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கும் அத்தையைப் போல அவர் அதனை விட்டு எழுந்திருப்பதில்லை.

இத்தனைக்கும் காரியம் சுலபமானது. 2004-இல் ஜான் குரூபர் என்பவர், ஆரோன் சுவார்ட்ஸின் யோசனைகளையும் கேட்டுக்கொண்டு மார்க்டவுன் என்னும் எழுத்துமுறையை வெளியிட்டபோது, மின்னஞ்சலில் பிறர் சொன்னதை எடுத்துக்காட்ட ஏற்கெனவே வழங்கிவந்த 'பெரியது' என்ற கணக்குக் குறியையே மேற்கோளுக்கும் வைத்தார். வரியின் தலையில் அதை இட்டால் தீர்ந்தது. குறியீடுகள் கண்ணை உறுத்தாமல், எழுதியது எழுதியபடியே வாசிக்கத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பதே அவருடைய உத்தேசம். அந்த எளிமைதான் நம் நண்பருக்குச் சகிக்கவில்லை. ஆப்சிடியன் என்ற அவருடைய குறிப்புச் செயலியில் மேற்கோளின் இடப்பக்கக் கோடு சற்று மெலிந்திருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. அதைப் பருமனாக்குவதற்கென்றே, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியைக் கற்றார். கோடு பருத்ததும் அதன் வர்ணம் எடுப்பாக இல்லை என்று கண்டு, சாம்பல் நிறத்தில் எத்தனை பேதங்கள் உண்டோ அத்தனையையும் பரீட்சித்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்து, அகாலத்தில் எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். எனக்கு எல்லாம் சாம்பலாகவே தெரிந்தது.

பிறகு நோஷன் என்ற வேறொரு செயலிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அதே குறியைத் தட்டியதும் மேற்கோளுக்குப் பதிலாக மடக்கி விரிக்கும் பட்டியல் ஒன்று முக்கோணத்தோடு முளைத்தது. மேற்கோளுக்கு அங்கே இரட்டை மேற்கோள் குறியை இட்டு இடைவெளி விட வேண்டுமாம். இதை அவர் ஒரு குடும்பத் துக்கத்தின் தொனியில் எனக்குத் தெரிவித்தார்.

திருக்குறளிடம் வந்தபோதுதான் உண்மையான சங்கடம். மார்க்டவுனின் மூல விதியை வழுவாது பின்பற்றும் செயலி ஒன்றில், முதலடிக்குப் பின் வரியை முறித்தாலும் அது முறியாமல், நாற்சீரும் முச்சீரும் ஒட்டிக்கொண்டு எழுசீரும் ஒரே வரியாய் ஓடிற்று. அடியின் கடைசியில் கண்ணுக்குப் புலப்படாத இரண்டு இடைவெளிகளை விட்டால்தான் வரி முறியும் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்துபோயிற்று. குறளின் பொருள் என்னவென்று கேட்டேன். "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஸார்" என்றார். சாய்வெழுத்தையும் அவர் விடவில்லை. அது ரோமன் லிபியோடு வளர்ந்த சம்பிரதாயம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாதாகையால், செயலி நேரெழுத்தையே வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட ழகரத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பிறர் எழுதியதில் ஓர் ஒற்றெழுத்தைக்கூட இவர் மாற்றமாட்டார். யாரோ சொன்னதை அப்துல் கலாம் படத்தின் கீழே போட்டு விடியற்காலையில் அனுப்பிவைக்கும் புண்ணியவான்கள் மலிந்த உலகத்தில் இது அற்ப குணமல்ல.

ஆனால் போன வாரம், ஒரு கட்டுரைக்காக அவர் முன்பு காட்டிய மேற்கோள் ஒன்று எனக்கு அவசியமாயிற்று. கேட்ட மாத்திரத்தில் அனுப்பினார்: பருத்த கோடு, சாம்பல் பின்னணி, மூலையில் அழகிய மேற்கோள் சின்னம். எழுதியவர் பெயர் இல்லை. நூலின் பெயர் இல்லை. பக்க எண் இல்லை. எங்கிருந்து எடுத்தது என்று அவருக்கு ஞாபகமும் இல்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூலம் தெரியாத மேற்கோளை வைத்துக்கொண்டு எவனும் எதையும் எழுத முடியாது. பக்க எண்ணாவது வேண்டுமே என்று மன்றாடினேன். அவர் உற்சாகமாக, அதை வலது ஓரத்தில் சிறிய எழுத்தில் வைக்கலாமா, அடியில் நடுவே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஸார். முதலில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுங்கள்.