பெருமை அரசுக்கு, கடன் மாணவருக்கு

2023 ஜூன் மாதம் ரிஷி சுனக்கின் பிரிட்டிஷ் அரசு ஒரு தொலைநோக்குத் திட்டத்தை வெளியிட்டது. சினிமா, இசை, நாடகம், ஃபேஷன், வீடியோ கேம் எல்லாம் நாட்டின் செல்லப் பிள்ளைகள். 2030க்குள் இந்தப் படைப்புத் தொழில்கள் இன்னும் 5,000 கோடி பவுண்டு வளர வேண்டும். பத்து லட்சம் பேருக்குக் கூடுதலாக வேலை தர வேண்டும்.

ஜூலை வந்தது. அதே பிரதமர், வேறு பேச்சு. மாணவர்களை மோசம் செய்யும் 'மதிப்புக் குறைந்த' பட்டங்களுக்கு இனிக் கடிவாளமாம். படித்து முடித்தவருக்கு நல்ல வேலை கிடைக்கவில்லை என்றால் அந்தப் படிப்பில் இடங்கள் குறைக்கப்படும். எந்தப் படிப்பு என்று அறிவிப்பு பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஓவியமும் நடனமும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது.

இந்த இரண்டு அறிவிப்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது ஒரு பட்டப்படிப்பு. உலகப் படைப்புக் கலைகளும் பண்பாட்டுத் தொழில்களும். லண்டனில் சோவாஸ், கிங்ஸ் காலேஜ், வடக்கே லீட்ஸ் என்று பல இடங்களில் இதுவோ இதன் ஒன்றுவிட்ட தம்பியோ நடக்கிறது. பாடத்தில் குறையில்லை. கலையை யார் செய்கிறார், காசு யாரிடம் போகிறது என்று கேட்கப் பழக்கும் நல்ல படிப்புதான். பண்பாட்டை ஆலைச் சரக்காக்குவதை 1940களிலேயே காறித் துப்பிய தத்துவவாதிகள் அடோர்னோவையும் ஹோர்க்ஹைமரையும் இந்த வகைப் படிப்புகளில் படிக்கவைக்கிறார்கள். கையோடு தொழில்முனைவும் கற்பிக்கிறார்கள். காசு யாரிடம் போகிறது என்ற கேள்வியை மாணவர் முதலில் தன் கட்டண ரசீதைப் பார்த்தே கேட்கலாம்.

ரசீதின் கதை 1998இல் தொடங்குகிறது. டோனி பிளேரின் அரசு அந்த ஆண்டு இரண்டு வேலைகள் செய்தது. நாட்டின் படைப்புத் தொழில்கள் எவை, அவை எவ்வளவு சம்பாதிக்கின்றன என்று முதன்முறையாகப் பட்டியல் போட்டது. அதே ஆண்டில், இலவசமாக இருந்த பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் வைத்தது. பிளேர் கட்டணம் இல்லாத காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர். படிக்கும்போது ராக் இசைக்குழுவில் பாடியவர். தான் ஏறிய ஏணியை அவர் எட்டி உதைக்கவில்லை. படிக்கட்டுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டார்.

டிக்கெட் விலை ஏறியது. 2006இல் 3,000 பவுண்டு. 2012இல் 9,000. 2025இல் இங்கிலாந்தில் 9,535. இது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான விலை. 2023 முதல் படிப்பில் சேர்ந்தவர்கள், சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால் கடனைக் கட்டத் தொடங்க வேண்டும். அடைக்க முடியாத பாக்கியை 40 ஆண்டு கழித்துத்தான் தள்ளுபடி செய்வார்கள். முன்பு அது 30 ஆண்டு. இருபத்திரண்டில் பட்டம் வாங்கியவருக்கு அறுபது தாண்டித்தான் விடுதலை. ஆயுள் தண்டனைக் கைதி இதற்கு முன்பே வெளியே வந்துவிடுவார்.

இனி அந்தப் பட்டியலைப் பாருங்கள். 1998இல் 13 துறைகளைச் சேர்த்தார்கள். விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, பதிப்பு, இசை, மேடைக்கலை என்று போகிறது. போகிற போக்கில் மென்பொருளும் கணினிச் சேவையும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. 2023இல் படைப்புத் தொழில்கள் சுமார் 12,400 கோடி பவுண்டு ஈட்டியதாக அமைச்சர்கள் மார்தட்டினார்களே, அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கணினித் துறையிலிருந்து வந்தது. மேடையில் மாலை கலைஞர் கழுத்தில் விழுகிறது. கணக்கைக் கொழுக்க வைப்பது மென்பொருள்.

தங்கள் பட்டியலையே மறந்துவிட்டுப் போட்ட ஒரு விளம்பரம் 2020 அக்டோபரில் நாட்டின் கண்ணில் பட்டது. கொரோனாவால் நாடக அரங்குகள் பூட்டிக்கிடந்த நேரம். பாலே செருப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார் ஓர் இளம்பெண். ஃபாத்திமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்து அவர் பார்க்கப்போவது சைபர் வேலையாக இருக்கலாம், அது அவருக்கே இன்னும் தெரியாது என்று அரசு முத்திரையோடு ஆருடம் சொன்னார்கள். நாடே காறித் துப்பியது. பண்பாட்டு அமைச்சர் ஆலிவர் டௌடன், இது நயமற்றது, என் துறை வெளியிட்டது அல்ல என்று கை கழுவினார். யாரும் கவனிக்காத வேடிக்கை ஒன்று உண்டு. ஃபாத்திமா ஆடுவதை விட்டு மென்பொருள் எழுதப் போனாலும் அரசின் கணக்கில் அவர் படைப்புத் தொழிலில்தான் இருப்பார். கலைஞரை ஒழித்துவிட்டும் கலையின் வளர்ச்சியைக் காட்டலாம். இப்படி ஒரு புள்ளிவிவரம் கிடைத்தால் எந்த அரசு விடும்?

அடுத்த ஆண்டு விளம்பரம் இல்லாமலே வேலை நடந்தது. இசை, நாடகம், நுண்கலை, ஊடகம், தொல்லியல் போன்ற பாடங்களை நடத்தச் செலவு அதிகம் என்பதால் ஒரு மாணவருக்கு 243 பவுண்டு கூடுதல் மானியம் இருந்தது. 2021இல் அது 121.50 ஆனது. நாட்டின் முன்னுரிமையில் இவை வரவில்லை என்றார் கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன். மொத்தத்தில் மிச்சம் பிடித்தது ஆண்டுக்கு 2 கோடி பவுண்டுகூட இல்லை. 10,000 கோடிக்கு மேல் சம்பாதித்துத் தருகிறது என்று தாங்களே சொன்ன துறையின் விதைநெல்லில் கைவைத்து அள்ளிய லாபம் இவ்வளவுதான்.

பள்ளியில் நடந்தது இன்னும் மோசம். 2010இல் பள்ளிகளைத் தரம்பிரிக்க ஓர் அளவுகோல் வந்தது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஒரு மொழி, வரலாறு அல்லது புவியியல். இவற்றில் தேறினால் பள்ளிக்கு நற்பெயர். இசைக்கும் ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் அதில் இடமில்லை. தலைமையாசிரியர்கள் முட்டாள்களா? மதிப்பெண் இல்லாத பாடத்தை ஓரங்கட்டினார்கள். பதினாறு வயதில் கலைப் பாடங்களில் தேர்வெழுதுவது 40 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 15 ஆண்டு கழித்து, 2025இல், அந்த அளவுகோலைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். நடுவில் பள்ளி முடித்துப் போய்விட்ட பிள்ளைகளை யார் திரும்ப அழைத்து வந்து வயலின் கையில் கொடுப்பது?

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இதனால் நட்டமில்லை. வாத்தியார் வீட்டுக்கே வருவார். பட்டம் முடிந்ததும் சம்பளமில்லாப் பயிற்சிக்கு லண்டனில் தங்க அப்பாவின் ஃபிளாட் இருக்கும். 1953க்கும் 1962க்கும் இடையில் பிறந்த நடிகர், இசைக்கலைஞர், எழுத்தாளர்களில் 16.4 விழுக்காட்டினர் உழைக்கும் வர்க்கக் குடும்பத்தினர் என்று சமூகவியல் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நாற்பதாண்டு பின்னால் பிறந்தவர்களில் அது 7.9. இந்த நாற்பதாண்டிலும் 'பன்முகத்தன்மை' பற்றிப் பேசாத கலை நிறுவனம் ஏதாவது உண்டா?

உள்ளூர்க்காரர் கதை இது. வெளிநாட்டவர் கதைக்கு வருவோம். ஏனென்றால் அது நம் வீட்டுக் கதை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் உள்ளூர்க் கட்டணத்தில் கட்டுப்படியாகாததை வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்கிச் சரிக்கட்டுகின்றன. முதுகலைக்கு ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் என்பது லண்டனில் சாதாரணம். ரூபாயில் இருபது லட்சத்தைத் தாண்டும். இதற்காகத்தான் சென்னை ஓட்டல்களில் கல்விக் கண்காட்சி நடக்கிறது. பிள்ளை சேர்ந்தால் ஏஜென்டுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தரும். காபி இலவசம். வீட்டுப் பத்திரம் வங்கியில்.

விசாவோடு மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. 2024 ஜனவரி முதல், பெரும்பாலான முதுகலை மாணவர்கள் கணவனையோ மனைவியையோ கூட்டிப்போகவும் முடியாது. படித்து முடித்து வேலை தேட இரண்டு ஆண்டு தருவார்கள். 2027 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதுவும் 18 மாதம். அதன்பின் தங்கி வேலை பார்க்கப் பொதுவாக 41,700 பவுண்டு சம்பளம் வேண்டும். புதிதாகப் படித்து வந்தவருக்குச் சலுகை உண்டு. 33,400 போதும். சரி, அந்த நாட்டில் எழுதிப் பிழைப்பவர் எவ்வளவு சம்பாதிக்கிறார்? 2022 ஆய்வின்படி எழுத்தையே முதல் தொழிலாகக் கொண்டவர்களின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 7,000 பவுண்டு. அவர்களுடைய எழுத்தாளரே எட்டமுடியாத வருமானத்தை, அவர்களிடம் கலை படித்த மதுரைப் பெண் எட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமானம் தயார். உலகம் முழுவதிலிருந்தும் கட்டணம் வரலாம். கட்டியவர் தங்கக்கூடாது.

2024இல் ஆட்சி மாறியது. லேபர் கட்சி வந்தது. பழக்கம் மாறவில்லை. 2025 ஜூனில் தொழில்கொள்கை வகுத்து, நாட்டை வளர்க்கப்போகும் எட்டுத் துறைகளில் ஒன்றாகப் படைப்புத் தொழில்களுக்கு ஆசனம் போட்டார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு இதே அரசு வேறொரு யோசனையை முன்வைத்திருந்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பதிப்புரிமையுள்ள படைப்புகளை எடுத்துத் தங்கள் எந்திரத்துக்குப் பயிற்சி தரலாம். வேண்டாம் என்பவர் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். என் வீட்டில் திருடாதே என்று வீட்டுக்காரர் திருடனுக்கு மனுப்போடும் ஏற்பாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் சேர்ந்து, ஆளில்லாத ஒலிப்பதிவுக் கூடங்களின் மௌனத்தையே ஆல்பமாக வெளியிட்டுக் கண்டித்தார்கள்.

பல்கலைக்கழகங்களாவது கலையின் பக்கம் நின்றனவா? கலைக்குப் பேர்போன லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் 2024இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியிடங்களைக் குறைக்கத் திட்டம் போட்டது. கென்ட் பல்கலைக்கழகம் அதே ஆண்டு கலை வரலாற்றையும் தத்துவத்தையும் படிப்படியாக மூடுவதாக அறிவித்தது. நிதி நெருக்கடியாம். நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது பாடம் நடத்துகிறவர் கழுத்து. துணைவேந்தர் சம்பளத்தில் தொடங்கிய சிக்கனத்தை யாராவது கண்டிருக்கிறீர்களா?

இப்போது அந்த 'மதிப்பு' என்ற அளவுகோலையே எடுத்துப் பார்ப்போம். மாணவர் படிப்பில் தொடர்ந்தாரா, முடித்தாரா, 15 மாதத்தில் நல்ல வேலையில் இருந்தாரா. மூன்றே கேள்வி. 1957இல் லிவர்பூல் கலைக்கல்லூரியில் ஒரு பையன் சேர்ந்தான். படிப்பை முடிக்கவில்லை. பட்டம் இல்லை. பேண்டு கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டான். மூன்றிலும் தோல்வி. கல்லூரியின் தரத்துக்குக் கறை. பெயர் ஜான் லெனன். அந்த ஊர் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

இன்னொருவர் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்தார். ஒழுங்காக முடித்தார். 1996இல் கையோடு ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. மூன்றிலும் தேர்ச்சி. மதிப்புமிக்க பட்டம். பெயர் லிஸ் டிரஸ். 2022இல் பிரதமராகி, கையில் காசில்லாமல் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்து, பவுண்டைத் தரையில் உருட்டி, 49 நாளில் வீட்டுக்குப் போனார். உலகத்து பாலே நடனக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வேண்டுமென்றே முயன்றாலும் ஒரு நாட்டுக்கு இவ்வளவு நட்டம் வைக்க முடியாது. ஆனால் மாற்றுவேலை தேடச் சொல்லி விளம்பரம் வந்தது ஃபாத்திமாவுக்கு.

ஆகவே பிரச்சினை பட்டத்தில் இல்லை. கலை சம்பாதிக்கவில்லை என்பதும் பொய். அவர்கள் கணக்குப்படியே 12,400 கோடி வந்தது. எழுதியவருக்கு 7,000. மிச்சம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே, சம்பாதிக்கத் தெரியாத படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று மாணவர்மீது பழிபோடுகிறார்கள். கலையே எங்கள் பெருமை என்று எந்த அமைச்சராவது இனி மேடையேறினால் எதிரே இருப்பவர்கள் சும்மா கைதட்டக் கூடாது. கைதட்டுவதும் ஓர் உழைப்பு. அதற்காவது கூலி கேட்க வேண்டும்.