சம்பளமில்லாக் கலப்பத்து

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் தோணிக் கலப்பத்து வேலை. பலகைச் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக அறைந்து இறுக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார். சாயங்காலம் சுறா எண்ணெய் வாடை முதலில் வரும். பின்னால் அவர் வருவார். படிக்காவிட்டால் நீயும் உளியைத் தூக்க வேண்டியதுதான் என்பது எங்கள் வீட்டுப் பூச்சாண்டி. பயந்து படித்தேன். இப்போது டாஸ்மேனியாவில், ஹோபார்ட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறேன்.

உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, இந்த ஊருக்கா வந்து சேரவேண்டும்? 1994-லிருந்து இங்கே மரப்படகுத் திருவிழா நடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியில் துறைமுகம் முழுக்கப் பாய்மரம். மற்ற நாட்களில் பல் டாக்டர்களும் ரிட்டயரான வக்கீல்களும் மல்லாந்து படுத்துப் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கு இடவாடகையும் கட்டுகிறார்கள்.

மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். ஹியூவான் பைன் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பருப்பதே அதிகம். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கும். அதன் எண்ணெய்க்குப் புழுவும் உளுப்பும் அண்டாது. பச்சை மரத்தை வெட்டத் தடை என்பதால், எப்போதோ விழுந்து கிடந்த கட்டைகளைத் தேடி எடுத்து அறுக்கிறார்கள். சீவல் ஒன்றை என் மூக்கருகே நீட்டி, நான் கண்ணை மூடும்வரை விடமாட்டார்கள். எங்கள் ஊரில் தோணியின் விலா எலும்பான வங்குக்குக் கருவேலங்கிளை போதும். வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, யாரும் முகர்ந்து பார்த்ததில்லை.

கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணிகளில் எஞ்சின் வைத்தபோது தோணியோட்டும் எந்தத் தண்டலும் கண்ணீர் விட்டதாக நினைவில்லை. காற்று செத்து நடுக்கடலில் கிடந்தவனுக்கு டீசல் புகை சாம்பிராணி. இங்கே என் நண்பர் படகிலும் எஞ்சின் உண்டு. ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த மரப்படகுக் கிறுக்கு நேற்று வந்ததல்ல. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற சரக்குக் கப்பலை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை ஆட்களே அதை அட்லாண்டிக் தாண்டி ஓட்டிப்போய், 1938-ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் சேர்த்தார்கள். சுமை சுமந்த அன்னபூரணி ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற சீமாட்டியாகிவிட்டாள்.

போன மாதம் நண்பர் படகைக் கரையேற்றினார். என் அப்பாவின் தொழில் தெரிந்தவர், கொட்டாப்புளியைப் பக்தியோடு என் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடித்ததே அன்றைக்குத்தான். முதலில் மொத்தென்று கேட்ட சத்தம், திரி இறுக இறுகக் கணீரென்று மாறியது. அந்தக் கணீருக்காகவே அடுத்த சந்து, அதற்கடுத்த சந்து என்று இருட்டும்வரை அடித்தேன். கூலியாக ஒரு டீ. இதற்கு மூவாயிரம் டாலர் கட்டினால் பயிற்சி வகுப்பு இருக்கிறது, உனக்கு இலவசம் என்று நண்பர் தோளில் தட்டினார்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏல, வேலை போயிட்டா? மறைக்காம சொல்லு. அண்ணன்கிட்ட சொல்லிப் பணம் அனுப்பச் சொல்லுதேன்."