சைக்கிளின் ஐந்திணை: ஒரு முன்னாய்வு

கூட்டாகச் சைக்கிள் ஓட்டுபவர்களின் போக்கை விளக்க இதுவரை உடலியலாரும் பொறியியலாரும்தான் முயன்றிருக்கிறார்கள். இதயத் துடிப்பு, வாட், கியர் விகிதம் என்று அவர்கள் அளந்து குவித்த எண்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஏறக்குறைய ஒரே வலுவுள்ள நான்கு நண்பர்கள் கிளம்பினால், அவர்களில் ஒருவர் மட்டும் கடைசிவரை நாலாவதாகவே வருவது ஏன் என்ற கேள்விக்கு அந்த எண்கள் வாய் திறப்பதில்லை. அது அகப்பொருள் சார்ந்த கேள்வி. ஆகவே இக்கட்டுரை ஐந்திணையைத் துணைக்கு அழைக்கிறது. சைக்கிளில் புறத்திணை இல்லையா எனலாம். உண்டு. அதைப் போக்குவரத்துக் காவலர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

நெய்தலில் தொடங்குவோம். நிலம், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை. கருப்பொருள்: கார்பன் சைக்கிள், தலைக்கவசம், வாழைப்பழம், குரைத்துத் துரத்தும் நாய். நெய்தலுக்குரிய எற்பாடு மாலையா விடியலா என்று உரையாசிரியர்களுக்குள் வழக்கு உண்டு. சைக்கிள்காரர்கள் சந்தேகமின்றி விடியல் கட்சி. உரிப்பொருள் இரங்கல். இரங்குபவர், முன்னால் ஓட்டுபவர்.

அவர் இரங்குவதற்கு இயற்பியல் நியாயம் இருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது; அதை வெல்லக் கால்கள் தர வேண்டிய திறனோ வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. போகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாகிறது. அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு அந்த உழைப்பில் கால்வாசியாவது மிச்சம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கனின் குழு 2018இல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்தது. கூட்டத்தின் உள்ளே ஒளிந்திருப்பவர் மீது விழும் காற்றுத் தடை, தனியே ஓட்டுபவர் மீது விழுவதில் வெறும் 5 முதல் 10 சதவீதமாகக்கூடக் குறைந்துவிடும் என்று கண்டது. பின்னால் ஒருவர் வருவதால் முன்னால் போகிறவருக்கும் ஓரிரு சதவீதம் ஆதாயம் என்றும் அதே பிளாக்கன் காட்டியிருக்கிறார். நம்முடைய நாலாமவர் முதல் முடிவைப் பின்பற்றுகிறார்; இரண்டாவதை மேற்கோள் காட்டுகிறார்.

முறைப்படி, முன்னால் இருப்பவர் களைத்ததும் முழங்கையை ஒருமுறை வெளியே வெட்டிக் காட்டுவார். 'நீ வா' என்று பொருள். அவர் ஒதுங்கிப் பின்னுக்குப் போக, அடுத்தவர் வேகத்தைக் கூட்டாமல் அப்படியே முன்னேற வேண்டும். களத்தில் கண்டது வேறு. முழங்கை வெட்டிய அந்தக் கணமே அடுத்தவருக்குத் தாகம் எடுக்கிறது. தண்ணீர் பாட்டிலை உருவுகிறார். மூடியைப் பல்லால் இழுக்கிறார். மிதிப்பதை நிறுத்திவிட்டு நிதானமாக இரண்டு மிடறு. மூடியை மோவாயில் அழுத்தி மூடி, பாட்டிலைக் கூட்டுக்குள் சொருகப் பார்த்துத் தவறி, மறுபடி சொருகுகிறார். அதற்குள் முன்னவர் இன்னொரு கிலோமீட்டர் இழுத்திருப்பார்.

பக்கவாட்டில் காற்றடித்தால் பெல்ஜியத்துக்காரர்கள் சாலையின் குறுக்கே படிக்கட்டு மாதிரி சரிந்து, ஒருவர் மறைவில் ஒருவர் ஓட்டுவார்கள். மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது கடற்காற்று வலப்புறமிருந்து வரும். ஆகவே இங்கே முன்னவர் நடுச்சாலைக்குப் போக வேண்டியிருக்கும். காற்றிலிருந்து மூவரைக் காப்பவரைப் புதுச்சேரிப் பேருந்திலிருந்து காக்க ஆளில்லை. எனவே இந்தத் துறை தமிழில் வளரவில்லை.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது என்பது பழைய கொள்கை. சைக்கிளிலும் அப்படியே. அதன் உரிப்பொருளான பிரிதல் எந்த மேம்பாலத்தின் ஏற்றத்திலும் நிகழும். முன்னே போகும் சக்கரத்துக்கும் நமக்கும் நடுவே முதலில் இரண்டு முழம், அப்புறம் ஒரு கார் நீளம், அப்புறம் யாருமில்லை. இதற்கு மேல் எழுத இக்கட்டுரையாளருக்கு மனமில்லை.

முல்லைக்கு உரியது இருத்தல், அதாவது காத்திருத்தல். மலையேற்றத்தில் வேகம் குறைந்துவிடுவதால் காற்று மறைவுக்கு மதிப்பில்லை; உடம்பின் எடைக்குத்தான் மதிப்பு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாலாமவருக்கு யார் முதுகும் உதவுவதில்லை. முன்னே போனவர்கள் மேலே உட்கார்ந்து கடலை கொறித்தபடி முல்லை ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பார்கள். அவர் மூச்சிரைக்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியதும், 'சரி, கிளம்பலாமா?' என்று எழுந்துகொள்வார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கே ஓய்வு கிடைக்கும் இந்த ஏற்பாட்டைக் கொடுமை என்பார் உளர். நெய்தலில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

இனி குறிஞ்சி. தார் முடிந்து மண்ணும் வேரும் கல்லும் தொடங்கும் இடம். இதன் மூலத்தைத் தேடினால் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே 1970களில் சில நண்பர்கள், தடித்த டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய்க் கீழே விட்டார்கள். 3.4 கி.மீ.க்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். அந்தச் சைக்கிள்களில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கர ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும். ஒரே இறக்கத்தில் ஹப்பின் கிரீஸ் வெந்து புகையாகிவிடும். பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அப்படி மறுபடி மறுபடி அடைக்க வைத்த பாதைக்கு ரீபேக் என்றே பெயர் நிலைத்தது. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம். நடத்தியவர் சார்லி கெல்லி. பின்னாளில் கேரி ஃபிஷர் அதை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்குக்கே போய்விட்டது விளையாட்டு. நெறியாளரும் உதவித்தொகையும் இல்லாத நாலு பேர் சாதித்த இது, கல்வித்துறைக்குச் சற்றுச் சங்கடம்தான்.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். யாரோடு என்பதில் ஐயமில்லை, மண்ணோடு. அதைத் தள்ளிப்போட வழிகள் உண்டு. இருக்கையிலிருந்து எழுந்து, மிதிகள் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டும். இறக்கம் செங்குத்தானால் இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிரேக்கை ஒற்றை விரலால் அளந்து பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், போக வேண்டிய வழியையே பார்க்க வேண்டும், ஏனெனில் கண் போன இடத்துக்குத்தான் சக்கரமும் போகும். 'அந்தக் கல்லு மேல மட்டும் விட்டுடாதடா' என்று பாங்கன் பின்னாலிருந்து கத்துவான். கல்லைக் கண்டால் சைக்கிளைக் காணோம். ஓடி வரும் பாங்கனின் முதல் சொல்லும் 'அடிபட்டுச்சா?' அல்ல; 'எந்திரிக்காத, போட்டோ எடுத்துக்கறேன்.' இலக்கண மரபிலிருந்து ஒரு விலகலையும் இங்கே குறிக்க வேண்டும். சைக்கிளின் உண்மை விலையை வீட்டில் விசாரித்தால் பாங்கன், தோழியைப் போல அறத்தொடு நிற்கக் கூடாது.

சாலையில் பின்னால் வருபவருக்கு ஆதாயம். மண்பாதையில் பின்னால் வருபவருக்குப் புழுதி. இதைக் கண்டுகொள்ள நாலாமவருக்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. தார் முடியும் இடத்தில், 'நான் வழி காட்டறேன்' என்று முதலாமவராகிவிட்டார்.

கடைசியாக மருதம். நிலம் இட்லிக் கடை, உரிப்பொருள் ஊடல். சட்னி இரண்டாம் முறை வருவதற்குள், யார் எவ்வளவு தூரம் முன்னால் இழுத்தார் என்ற பேச்சு எழுகிறது. ஹேண்டில்பாரில் மாட்டிய கருவிகள் கழற்றிக் கொண்டுவரப்பட்டுச் சாட்சி சொல்கின்றன. நாலாமவர் எதிலும் தலையிடாமல் வடையை முடிக்கிறார். எமது கருதுகோளின்படி பில் வரும் கணத்தில் அவருக்குத் தாகம் எடுத்திருக்க வேண்டும். மாறாக, எழுந்து கல்லாவுக்குப் போய் நாலு பேருக்கும் பணம் கட்டிவிட்டு வந்தார். இத்தரவு கோட்பாட்டுக்குப் பொருந்தாததால் ஆய்விலிருந்து விலக்கப்பட்டுள்ளது.