தளபதிக்கும் கருப்பட்டிக்கும் என்னலே உறவு?

ஏலே பேராண்டி, நீ முந்தி ஏத்துன ரீல்ஸை நேத்துப் பாத்தேன். கூப்பனிப் பாகு கொதிச்சு நுரை அடங்குது. உங்க அப்பன் அதைச் சிரட்டையில ஊத்துதான். ஆறினதும் கவுத்துத் தட்டுதான். கருப்பட்டி கறுகறுன்னு வந்து விழுது. எனக்கே எச்சி ஊறிப்போச்சு. நல்லாத்தான் எடுத்திருக்கே, அதோட விட்டிருக்கலாம். கீழ பாத்தா ஹேஷ்டேக் முப்பது! #வைரல், #டிரெண்டிங், #எஃப்ஒய்பி, #லவ், #தளபதி, #தல, #கிரிக்கெட், #மும்பை... ஒருத்தன் கோவிச்சுக்கிடக் கூடாதேன்னு ஒண்ணுவிட்ட சித்தப்பன் பேரு வரைக்கும் அடிச்ச கல்யாணப் பத்திரிகை மாதிரில்லா இருக்கு. முப்பதுல ஒண்ணுலயாவது 'கருப்பட்டி' இருக்கான்னு கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுத் தேடுனேன். இல்லலே!

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தளபதிக்கும் நம்ம கருப்பட்டிக்கும் என்னலே உறவு? பொண்ணு எடுத்த வகையா, குடுத்த வகையா? சரி, நீ நெனச்சபடியே அந்த சினிமாத் தளபதி ரசிகன் ஒருத்தன் அந்த டேக்கைப் பிடிச்சு உள்ள வந்துட்டான்னே வையி. பாட்டும் சண்டையும் பாக்க வந்த பய, உங்க அப்பன் கிழிஞ்ச பனியனோட அடுப்பு முன்னால உக்காந்திருக்கதைப் பாக்கான். பெருவிரலால ஒரே தள்ளு. போயிட்டான். அவன் போனா போகட்டும். 'இதை யாரும் நின்னு பாக்க மாட்டேங்காங்க'ன்னு யாருக்கு எதைக் காட்டணும்னு பாக்குத இன்ஸ்டாகிராம் மிஷினு குறிச்சு வச்சுக்கிடும் பாரு, அங்கதான் இருக்கு நட்டம். இன்ஸ்டாகிராமுக்குத் தலைவரா இருக்காரே ஆடம் மொசேரி, அவரே சொல்லியாச்சு: எவ்வளவு நேரம் பாக்காங்க, எத்தனை பேரு லைக் போடுதாங்க, எத்தனை பேரு அடுத்தவனுக்கு அனுப்புதாங்க, இந்த மூணும்தான் பெருசுன்னு. ஹேஷ்டேக்கால பார்வை பெருசாக் கூடிறாதுன்னும் அவரு வாயாலயே சொல்லியிருக்காரு. நீ என்னடான்னா சம்பந்தமில்லாத ஆளைக் கூப்பிட்டு வச்சு ஓட விட்டுக்கிட்டிருக்கே. கெட்டிக்காரன்லே நீ!

அப்புறம் அந்த எஃப்ஒய்பி. அது டிக்டாக்குக்காரன் சரக்கு. 'உனக்காக'ன்னு அவன் எடுத்து வைக்கிற பக்கத்தோட பேரைச் சுருக்கி வச்சது. டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்னைக்கே இந்தியாவுல தடை பண்ணியாச்சு. ஜூலை 8ஆம் தேதி இன்ஸ்டாகிராம்காரன் ரீல்ஸை இங்க எறக்கிட்டான். டிக்டாக்கு போயி இத்தனை வருசம் கழிச்சும் அவன் டேக்கை இவன் வீட்டுல கொண்டாந்து ஒட்டுதியே, உன் விசுவாசத்தை மெச்சணும். #வைரலுக்குள்ள ஒருதரம் போய்ப் பாத்தியா? பூனை ஆடுது, ஒருத்தன் வழுக்கி விழுதான், ஒருத்தி முகத்துல மாவு பூசுதா. நீ போட்ட வீடியோ போட்ட நிமிசத்துலயே அடியில போயிரும். அதுக்குள்ள கருப்பட்டி வாங்குதவன் எதுக்குலே வரப்போறான்?

சிரிக்காதலே, கிழவனுக்கு என்ன தெரியும்னு. இந்த # குறியை ட்விட்டர்ல இப்பிடிப் போடலாமேன்னு சொன்னது கிறிஸ் மெசினாங்கிற அமெரிக்காக்காரரு, 2007 ஆகஸ்டு 23ஆம் தேதி. ஒரே விஷயத்தைப் பேசுத ஆளுகளை ஒரு இடத்துல சேக்கணும், அவ்வளவுதான் அவரு நெனப்பு. ட்விட்டர்காரங்களே மொதல்ல அதைக் கண்டுக்கிடல. அந்த அக்டோபர்ல கலிபோர்னியாவுல சான் டியேகோ பக்கம் காட்டுத்தீ பிடிச்சுது. சேதி சொன்னவங்க ஒரே டேக்கைப் போட்டுச் சொல்லவும்தான் அதோட உபயோகம் வெளிய தெரிஞ்சுது. 2009ல ட்விட்டரே டேக்கைத் தொட்டா அந்தப் பேச்சு பூரா வந்து நிக்கிற மாதிரி பண்ணிட்டாங்க. மெசினா இதுக்குக் காப்புரிமைகூட வாங்கல. வாங்கியிருந்தார்னா, உன் முப்பது டேக்குக்குப் பணம் கட்டவே நம்ம பனங்காட்டை வித்திருக்கணும்.

2017 ஜனவரியில மெரினாவுல சல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடுச்சே, அப்பவும் டேக்கு ஊரெல்லாம் ஓடுச்சு. எதனால? லட்சம் பேருக்கும் சொல்ல வேண்டியது ஒண்ணா இருந்துச்சு, எல்லாரும் அந்த ஒண்ணையே சொன்னாங்க. நீ ஒருத்தன், உனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு, அதுக்குப் பேரு முப்பது!

எத்தனை போடலாம்னு கேக்கியா? முப்பது வரைக்கும் இடம் விட்டு வச்சிருந்த இன்ஸ்டாகிராம்காரனே, மூணுல இருந்து அஞ்சு போதும்யான்னு 2021லயே சொல்லிட்டான். யூடியூப்காரன் தண்டனையில இன்னும் கறாரு. அறுபதைத் தாண்டுனா அந்த வீடியோவுல இருக்க அத்தனை டேக்கையும் கண்டுக்கிட மாட்டான். தலைப்புப் பக்கத்துல மூணு வரைக்கும்தான் காட்டுவான். சம்பந்தமில்லாததைப் போட்டா வீடியோவையே தூக்கிருவேன்னு சட்டம் எழுதி வச்சிருக்கான். அதையும் நீ படிச்சிருக்க மாட்டே. சட்டத்தைப் படிக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல யாருக்கு இருந்துச்சு?

சரி, எதை எதைப் போடணும்? சரக்குக்கு ஒண்ணு: #கருப்பட்டி. ஊருக்கு ஒண்ணு: #உடன்குடிகருப்பட்டி. புவிசார் குறியீடு வாங்குன சரக்குலே அது, ஊரு பேரைச் சொன்னாலே விலை பேசும். அதை விட்டுட்டு #மும்பைங்கே. தொழிலுக்கு ஒண்ணு: #பனையேறி. பாளை சீவுறது, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுறது, பதநீ இறக்குறது, இதைத் தேடிப் பாக்கதுக்குன்னே சனம் இருக்கு. வாங்குதவன் எதுக்கு வாங்குதானோ அதுக்கு ஒண்ணு: #கருப்பட்டிகாப்பி. அஞ்சாவது உனக்கு மட்டும்னு ஒண்ணு, உன் கடைப் பேரு. அதை வேற எவனும் போடமாட்டான். தொட்டா உன் வீடியோ மட்டும் வரிசையா வரும். பெரிய டேக்குல மூழ்கிப் போறவன் சின்ன டேக்குல கொஞ்சமாவது கண்ணுல படுவான். வீடியோவுக்கு வீடியோ இதை மாத்தணும். பனை ஏறுதது எடுத்தா காப்பி டேக்கை எடுத்துரு. உங்க அப்பனைப் பனை உச்சியில வச்சுக் காப்பி குடிக்க விடாத.

எழுத்துலயும் ஒரு சோலி இருக்கு. தமிழ்ல 'கருப்பட்டி' ஒண்ணுதான். அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிக்கச் சொல்லு: ஒருத்தன் ஒரு 'பி' போடுவான், இன்னொருத்தன் ரெண்டு. சென்னையில ஃபிளாட்டுல இருக்கவன் பாம் ஜாக்கரின்னு தேடுவான். அதனால அஞ்சுல ஒண்ணு தமிழ் எழுத்துல இருக்கட்டும், ஒண்ணு நெறையப் பேரு அடிக்கிற இங்கிலீஷ் எழுத்துல இருக்கட்டும். எது நெறையன்னு தெரியணும்னா தேடுற பெட்டியில ரெண்டையும் அடிச்சுப் பாரு, அதுவே கணக்குச் சொல்லும். தலைப்புலயும் வீடியோ மேல எழுதுத எழுத்துலயும் அதே வார்த்தை வரட்டும். இப்ப மிஷினு அதையும்தான் படிக்குது.

நடுவுல இடம் விட்டா டேக்கு அங்கயே அறுந்துரும், சின்னக் கோடு போட்டாலும் அறுந்துரும். அடிக்கோடு போட்டா ஒண்ணும் ஆகாது. சேத்து எழுதுதேன்னு கண்ணை மூடிக்கிட்டு ஒட்டாத. 2013 ஏப்ரல்ல இங்கிலாந்துல மார்கரெட் தாட்சர் செத்தப்ப, 'தாட்சர் செத்தாச்சு'ங்கிற அர்த்தத்துல ஒரு டேக்கு ஓடுச்சு. இங்கிலீஷ்ல எல்லாத்தையும் சேத்து எழுதவும், வார்த்தையைத் தப்பான எடத்துல பிரிச்சவனுக்கு அது 'ஷேர் செத்தாச்சு'ன்னு தெரிஞ்சுது. ஷேருங்கிற பாட்டுக்காரி உசிரோட இருக்கா, அவ ரசிகனுக ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுட்டானுக! இங்கிலீஷ்ல போட்டா ஒவ்வொரு வார்த்தைக்கும் மொத எழுத்தைப் பெருசாப் போடு. கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுச் சொல்லுத கருவியும் அப்பத்தான் ஒழுங்காப் பிரிச்சு வாசிக்கும்.

போடுறதுக்கு முன்னால அந்த டேக்கைத் தொட்டு உள்ள என்ன கிடக்குன்னு பாரு. பேரு பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள போனா பொம்பளைப் பிள்ளைக பாக்கக்கூடாததாக் கிடக்கும். அப்பிடிப்பட்டதை இன்ஸ்டாகிராம்காரன் மறைச்சும் வச்சிருப்பான். அப்புறம் #கலப்படமில்லாத, #நூறுசதவீதம்சுத்தம் எல்லாம் வேண்டாம். சீனி கலக்குதவனும் அதைத்தான் போடுதான். கலக்கலைன்னா அடுப்புல ஊத்துததைக் காட்டு.

லட்சம் பேரு பாத்தான்னு குதிக்காத. போன்ல ஆர்டர் வந்தா 'எதைத் தேடி எங்களைப் பிடிச்சீங்க'ன்னு கேட்டு நோட்டுல எழுது. மாசக் கடைசியில ஒரு ஆளையும் கொண்டாராத டேக்கைத் தூக்கிப் போடு. 2024 கடைசியில இன்ஸ்டாகிராம்காரன் டேக்கைப் பின்தொடருத வசதியையே எடுத்துட்டான். இனி தேடி வாறவனுக்குத்தான் டேக்கு, சும்மா கெடக்கவனை எழுப்பிக் கூட்டியாராது.

கடைசியா ஒண்ணு. அடுத்த வீடியோ போடுறதுக்கு முன்னால அதைக் காட்டாம, டேக்கை மட்டும் உங்க ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டி, இது என்ன படம்னு கேளு. 'கருப்பட்டி'ன்னு அவ சொன்னா போடு. 'சினிமாவாலே?'ன்னு கேட்டா அழிச்சிரு. 'லவ்வாலே?'ன்னு கேட்டுத் தொடைப்பத்தை எடுத்தான்னா ஓடிரு. ஓடுததை மட்டும் எவனாவது எடுத்துப் போட்டான்னா, அதுக்கு டேக்கே வேண்டாம், தானா ஊர் பூரா போயிரும்.