சிவப்பில் என் பதில்

மெயிலுக்குப் பதில் எழுதத் தெரிந்தவன் என்றால் சண்டை போடத் தெரிந்தவன் என்று அர்த்தமாக இருந்த காலம் ஒன்று உண்டு.

2000 வாக்கில் மண்ணூரிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். நண்பர்கள் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவார்கள். நான் தமிழ் மடற்குழுக்களைத் திறப்பேன். சிட்னியிலிருந்து பாலா பிள்ளை 1995-இல் தொடங்கிய தமிழ்.நெட்டில் பிடித்த பைத்தியம், பிறகு மரத்தடி, ராயர் காபி கிளப் என்று யாஹூ குழுமங்களுக்குத் தாவியது.

அங்கே ஆசாரம் கடுமை. எந்த வரிக்குப் பதில் சொல்கிறாயோ அந்த வரியை மட்டும் '>' குறியோடு வை, அதற்குக் கீழே எழுது, மிச்சத்தை வெட்டு. 1995 அக்டோபரில் வந்த இணைய நாகரிகக் கையேடான ஆர்எஃப்சி 1855-உம் தேவையான அளவு மட்டும் மேற்கோள் காட்டச் சொல்கிறது. அதைப் படிக்காத நம் பெரியவர்கள் அதைவிடக் கறாராகச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று பக்க மடலை அப்படியே விட்டு அடியில் 'அருமை' என்று எழுதியவனை மட்டுறுத்துநர் தனிமடலில் கவனித்துக்கொள்வார். எல்லாம் சிக்கனம்தான்: டயல்-அப் இணைப்பு, 2 எம்பி ஹாட்மெயில். தினத்தொகுப்பாக மடல் வாங்குகிறவருக்கு ஒரே கட்டுரை ஏழெட்டுத் தடவை வந்து விழும்.

ஒரு விவாதத்தை அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். அவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

"பொருள் இருக்கு, பார்வை எங்கடா?" என்றார். அரசுக் கடிதத்தில் பொருளுக்கு அடுத்து, எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று எண்ணும் நாளும் போட்டுப் 'பார்வை' வந்தாக வேண்டும். பிறகு '>' வரிகளைக் கவனித்தார். "ஓ, பார்வையை நடுநடுவுல போட்டிருக்கானா? பரவாயில்லை, ஆபீஸ் உருப்படும்."

அந்த ஆசாரத்தை ரொம்பப் புகழவும் முடியாது. எதிராளியின் மடலில் ஒரு வரியை வெட்டியெடுத்து, அடுத்த வரியில் இருந்த 'ஆனால்' என்பதை விட்டுவிட்டு, மேலே ஏறி மிதித்தவர்கள் உண்டு. 2020 டிசம்பர் 15-இல் யாஹூ குழுமங்களை மூடியபோது வெட்டியவர், வெட்டுப்பட்டவர் எல்லோரும் சமரசமானார்கள்.

இப்போது ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே யாரும் எதையும் வெட்டுவதில்லை. கர்சர் தானாகவே மேலே நிற்பதால் எல்லோரும் மேலேயே எழுதுகிறோம். 'கீழே ட்ரெயில் மெயில் பார்க்கவும்' என்று வந்தால், மகாபாரதத்தைச் சுவர்க்காரோகண பருவத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். சிசியில் பாதி ஆலை இருக்கும். அதில் சிலர் வேலையை விட்டே போயிருப்பார்கள்.

கஸ்டமர் பத்துக் கேள்வி கேட்டால் எங்கள் குவாலிட்டி மேனேஜர், 'என் பதில்கள் சிவப்பில்' என்று கேள்விகளுக்கு இடையிலேயே எழுதுவார். கஸ்டமர் நீலத்தில் மறுப்பார். புரொடக்‌ஷன் பச்சை. பர்ச்சேஸ்காரர் மிஞ்சிய ஆரஞ்சை எடுத்துக்கொள்வார். வெட்டி, வரிக்கு வரி பதில் சொல்லும் பழைய கலை ஹோலி கொண்டாடித் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தேன். அதை லைன் போர்டில் ஒட்ட கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தார்கள். யார் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது, யார் கைகழுவியது என்று ஒன்றும் தெரியாமல் எல்லாம் சாம்பல் நிறம். '>' குறிக்கு மை மட்டும் போதுமாயிருந்தது.

வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட செய்தியை வலப்பக்கம் இழுத்தால் அதற்கே பதில் எழுதலாம். எங்கள் டெஸ்பாட்ச் குரூப்பில் அந்த வசதியை யாரும் தொட்டதில்லை. போன மாதம் நைட் ஷிஃப்டில் ஒருவர், "லாட்டை ஹோல்ட் பண்ணவா, அனுப்பவா சார்?" என்று கேட்டார். கீழே மூன்று குட் நைட், ஒரு பிறந்தநாள் கேக், கேன்டீன் தோசை பற்றிப் புகார். பிறகு மேனேஜரிடமிருந்து, "ஓகே."

லாரி டிரைவர் சுங்கச்சாவடியிலிருந்து படம் அனுப்பியிருந்தார். அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள், மேனேஜர் உட்பட.