யானையின் முதுகும் பிரயாணியின் கௌரவமும்

நேபாளத்துச் சித்வன் வனத்தில் 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி, நூற்றுக்கணக்கான யானைகள் புடைசூழப் பரிவாரத்துடன் எழுந்தருளி, 39 புலிகளுக்கும் 18 காண்டாமிருகங்களுக்கும் மோக்ஷம் அருளிச் சென்ற நாள் முதலாக, யானை முதுகிலிருந்து பார்த்தாலன்றி வனம் வனமாகாது என்னும் சித்தாந்தம் பிரயாணிகளின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது போலும். இப்போதோ, சவாரியைக் கைவிட்ட விடுதிக்காரர்கள், நால்வராக நெருக்கியடித்து ஏறி அந்தப் பிராணியின் முதுகெலும்பைச் சோதிப்பதற்குப் பதிலாக, அது மேய்வதை எட்ட நின்று தரிசித்து, அப்பகுதிப் பூர்வகுடியான தாரு குலத்து வழிகாட்டியின் பின்னே நடந்து, அக்குடியினரின் மண்வீட்டிலேயே உண்டு தங்கலாம் என்று உபதேசிக்கிறார்கள். சித்வன் தேசியப் பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றுவட்டக் கிராமங்களுக்கே சேரவேண்டும் என்று சட்டமும் உண்டு. 1973இல் அமைந்த அந்தப் பூங்காவுக்காகக் குடிபெயர்க்கப்பட்ட ஜனங்களுக்கு இது சற்றே தாமதித்து வந்த வாடகை.

பிரயாணியின் சங்கடமோ வேறு. யானைமேல் வீற்றிருக்கும் படத்தை ஊராரிடம் காட்டலாம். யானை தன்பாட்டுக்குப் புல் மேய, தாம் முழங்கால் சேற்றில் நிற்கும் படத்தை யாரிடம் காட்டுவது? இத்தனைக்கும், ஏறாமலிருப்பதற்கும் கட்டணம் உண்டாம்.