ரோஸ்வுட் நண்பர்கள்

கள்ளக்குறிச்சி டீக்கடையில் இரண்டு கிட்டார்காரர்கள் சந்தித்தால் டீ ஆறிப்போகும். "என்னுது ரோஸ்வுட் மச்சான், பேஸ் எப்படி உருளுது பாரு!" "போடா, என் மேப்பிளோட பளபளப்புக்கு முன்னால உன்னுது வெறும் புளியங்கட்டை." இருவருக்கும் தெரிந்தது ஒரே பாட்டு, அதிலும் பல்லவி மட்டும்.

ரோஸ்வுட் என்பது நம்ம ஈட்டி மரம்தான். பிரேசில் ரோஸ்வுட் அரிதானதும் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கள்ளக்குறிச்சி. கட்டையைத் தட்டியே ரகம் சொல்லும் ஆசாரிகள் நாலு தெரு தள்ளி இருக்கிறார்கள். நம்ம கிட்டார்காரர்கள் கேட்பதோ யூடியூப் வெள்ளைக்காரரிடம்.

போன ஞாயிறு இருவரும் கல்வராயன்மலை மேகம் அருவிக்குப் போனார்கள். கிட்டார்களைப் பாறையில் சாய்த்து நாற்பது படம் எடுத்தார்கள். ஒரு தந்தியையும் தொடவில்லை.